காருகுறிச்சி தந்த நாதசுரம்

தாமிரவருணி பாயும் நெல்லைச் சீமையிலே, சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே காருகுறிச்சி என்றொரு சிற்றூர் உண்டு. மண்பாண்டத்திற்குப் பேர்போன ஊர். ஆயினும் அதன் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவது பானையன்று, நாதசுரமே! 1921இல் அங்குப் பிறந்த அருணாசலம் என்னும் கலைஞரே அதற்குக் காரணம்.

அவரைச் சீடராக ஏற்றவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. நாதசுரக்காரருக்கு உரிய மதிப்பை விட்டுக்கொடுக்காதவர்; சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாதசுரத்தை நிலைபெறச் செய்தவர். அத்தகையவர் பக்கத்தில் அமர்ந்து இரண்டாம் நாதசுரம் வாசிப்பது எளிதா? அருணாசலம் வாசித்தார். குருவின் பாணியைக் கற்றும் அதற்குள் கரைந்துவிடாமல், பின்னர்த் தனியே புகழ் பெற்றுக் கோவில்பட்டியில் குடியேறினார். நம் சங்கரன்கோவிலிலிருந்து கழுகுமலை வழியே சென்றால் கோவில்பட்டி தொலைவில்லை. ஆகவே நமக்கும் அவர் அயலாரல்லர்.

1962இல் 'கொஞ்சும் சலங்கை' வெளிவந்தது. எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த அப்படத்தில் ஜெமினி கணேசன் ஏந்திய நாதசுரத்திற்கு உயிர் கொடுத்தவர் காருகுறிச்சியார். 'சிங்காரவேலனே தேவா' என்ற பாடலில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதசுரம் இணைந்தது. இதன் அருமையைப் பலர் உணர்வதில்லை. நாதசுரம் தேரோடும் வீதிக்கென்றே பிறந்த கருவி. ஒலிவாங்கியின் முன் மென்மையான பெண்குரலோடு சேர்ந்தால் அக்குரலை விழுங்கிவிடக் கூடியது. விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள். மற்ற நுட்பமெல்லாம் மூச்சும் உதடும் சீவாளியும் செய்ய வேண்டும். அப்படியிருந்தும் பாட்டின் இறுதியில் குரல் சுரம் பாட, குழல் மறுமொழி சொல்ல, எது முந்தியது எது பிந்தியது என்று நாம் மயங்குகிறோம். 'நகுமோமு' கீர்த்தனையால் சங்கீத சபைகள் அறிந்திருந்த ஆபேரி, தேநீர்க்கடை வாசல் வரை வந்து சேர்ந்தது.

பாட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. சினிமாவால்தான் அவருக்குப் பெயர் வந்தது என்பது ஒரு கட்சி. விடிய விடிய இராகம் வாசிக்க வல்லவரைச் சில நிமிட இசைத்தட்டுக்குள் அடைத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதற்கட்சியை நான் ஒப்பமாட்டேன். பெயர் பெற்றிருந்ததனால் அல்லவா படக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்! இரண்டாவதில் உண்மை இருக்கிறது. திருமண வீடுகளில் பார்த்திருக்கிறேன்; நாதசுரக்காரர் தோடியை எடுத்து விரிக்கத் தொடங்கும்போதே யாரேனும் ஒருவர் துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் எழுதியிருப்பது 'சிங்காரவேலனே'! அவரும் தோடியைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு ஆபேரிக்கு வருவார். கேட்பவர்க்கு மகிழ்ச்சிதான், தோடி போனது போனதுதானே? ஆனாலும் ஒன்று சொல்வேன். அத்தட்டு இல்லாதிருந்தால், சபைப் பக்கமே போகாத கரிசற்காட்டுச் சம்சாரிகள் பலருக்கு ஆபேரி என்ற இராகத்தின் சுவையே தெரிந்திராது.

இவ்வழக்கைத் தம் வாசிப்பாலேயே தீர்த்துவைக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. படம் வந்து இரண்டே ஆண்டுகளில், 1964இல் மறைந்தார். அகவை ஐம்பதுகூட ஆகவில்லை. நாதசுரக் கலைஞனையே நாயகனாக்கிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் வந்தபோது, அதற்கு வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். காருகுறிச்சியாரின் நினைவிடம் கோவில்பட்டியில் இருக்கிறது.