பி. ரம்லியின் சாம்பல் கோடுகள்

ஒரு முழுத் திரைப்படத்தையும் ஒரே படமாகச் சுருக்கிவிடலாம். பைத்தனில் இருபது முப்பது வரி நிரல் போதும். நொடிக்கு ஒரு காட்சியைக் கணினி எடுத்துக்கொள்ளும். அதிலுள்ள நிறங்களின் சராசரியைக் கண்டு, அந்த நிறத்தில் மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று போடும். ஒன்றரை மணி நேரப் படம் 5,400 கோடுகளாகும். இடமிருந்து வலமாக அடுக்கினால், கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோடு போல ஒரு பட்டை கிடைக்கும்.

பி. ரம்லியின் படங்களை இப்படிப் பட்டைகளாக்கி வரிசையாக வைத்தால், ஏறக்குறைய எல்லாமே சாம்பல்தான். 1956இல் வந்த 'ஹங் துவா' மட்டும் முழு வண்ணத்தில் தனித்து நிற்கும். அந்த ஒரு பட்டைக்கு முன்னும் பின்னும் இருப்பதுதான் அவர் வாழ்க்கை.

1929 மார்ச் 22இல் பினாங்கில் பிறந்தார். தந்தை ஆச்சேயிலிருந்து வந்தவர். ஜப்பானியர் காலம் படிப்பைக் குலைத்தது; இசை மட்டும் கூடவே வந்தது. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டார். முதலில் பின்னணிப் பாடகர், சிறு வேடக்காரர். 1950இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். 'ஹங் துவா'வை இயக்கியவரும் இந்தியாவிலிருந்து வந்த ஃபணி மஜும்தார்தான். அக்கால மலாய் சினிமாவில் நம்மவர் கை எவ்வளவு இருந்தது என்பதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

1955இல் 'பெனாரேக் பெச்சா' மூலம் ரம்லியே இயக்குநரானார். கதை, இசை, பாட்டு, நடிப்பு எல்லாம் அவரே. 'பூஜாங் லாப்போக்' நகைச்சுவைகளும் 'இபு மெர்துவாகு'வின் கண்ணீரும் அந்தச் சிங்கப்பூர் ஆண்டுகளில் வந்தவை.

இங்கே ஓர் ஒப்பீடு. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கேவாகலரில் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. அதே அலிபாபா கதையை ரம்லி 1961இல் கேலியாக மாற்றி எடுத்தார், கறுப்பு வெள்ளையில். இரண்டையும் பட்டையாக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், திறமையின் வித்தியாசம் தெரியாது. முதலீட்டின் வித்தியாசம் தெரியும்.

1964இல் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். காலம் சரியில்லை. 1963 இறுதியிலேயே தொலைக்காட்சி வந்துவிட்டது. இந்தோனேசியாவுடனான மோதலால் அங்கிருந்த சந்தை அடைபட்டது. ஹாங்காங் படங்களும் இந்தியப் படங்களும் வண்ணத்தில் வந்து கொட்டகைகளை நிரப்பின. என் தாத்தா வயதுக்காரர்கள் கிள்ளானில் எம்ஜிஆரையும் சிவாஜியையும் வண்ணத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில மைல் தள்ளி ரம்லி கறுப்பு வெள்ளையில் படமெடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் இயக்கிய 18 படங்களுக்கும் வண்ணம் வாய்க்கவில்லை. மலாய் இளைஞனும் இந்தியப் பெண்ணும் காதலிக்கும் 'கெரிமிஸ்' (1968) அவற்றில் ஒன்று. அந்தத் துணிச்சலுக்காகவே நாம் அதைத் தேடிப் பார்க்கலாம்.

கடைசிப் படம் 'லக்சமணா டோ ரே மி', 1972. போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனதும் அதே ஆண்டுதான். 1973 மே 29இல் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 44, கையில் பணமில்லை. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவில்லமானது. 1990இல் டான் ஸ்ரீ பட்டமும் வந்தது.

இந்தப் பட்டைகளில் ஒரு பெரிய குறை உண்டு. நிரல் நிறத்தை மட்டுமே எண்ணும். ரம்லி இசையமைத்த இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒன்றுகூட அதில் விழாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக்கும் இன்னொரு நிரலையும் எழுதி, சாம்பல் பட்டையின் கீழே ஒட்ட வேண்டும். அதற்கும் சில வரிகள்தான் ஆகும்.