கதையுரைத்த குரல்

ஜெர்மனியின் தென்மேற்கில் கூசல் என்னும் சிற்றூரில், 1930 செப்டம்பர் 26 ஆம் நாள் பிறந்தவர் பாடகர் ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ். தந்தை வாத்தியக் குழு நடத்தியவர். தாய் வயலின் கலைஞர். இசைக்குப் பஞ்சமில்லாத அவ்வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம் வந்தது. பழைய போர்க்காயத்தின் வேதனையோடு நாஜிகளின் நெருக்கடியும் சேர, 1935 இல் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

தாய் இசை கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். மகனும் அக்கார்டியன் ஏந்தி, நடன நிகழ்ச்சிகளில் வாசித்துப் பொருள் ஈட்டினார். ஃபிரைபர்க் இசைக்கல்லூரியில் பயின்ற நாளிலும் அவ்வேலை தொடர்ந்தது. அங்கே அவர் கற்றது பாட்டு மட்டுமன்று. ஹார்ன் என்னும் பித்தளைக் காற்றுக்கருவியையும் கற்றார். நீண்ட இசைத்தொடரை மூச்சு முறியாமல் தாங்கும் ஆற்றல் அக்கருவி தந்த கொடை எனலாம்.

1955 இல் ஸ்டுட்கார்ட் இசைநாடக அரங்கில் இடம் கிடைத்தது. மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' நாடகத்தின் இளவரசன் வேடம் பெயர் தந்தது. பின்னர் மியூனிக் நகரம் அவரை ஏற்றது.

அந்நகரின் ஹெர்குலிஸ் மண்டபத்தில் 1965 இல் பதிவானது பாக் இயற்றிய 'கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ'. 1734 கிறிஸ்துமஸ் முதல் 1735 ஜனவரி 6 வரை, லைப்சிக் தேவாலயங்களில் ஆறு நாள்களில் ஆறு பகுதிகளாக முதன்முதல் பாடப்பெற்ற படைப்பு அது. சாக்சனி அரச குடும்பத்தாரின் பிறந்தநாள்களுக்கென முன்பு அமைத்த இசையில் பலவற்றை எடுத்து, புதிய சொற்களை ஏற்றியிருந்தார் பாக். மெட்டுக்குப் பாட்டெழுதிப் பழகிய கவிஞர் எவரும் இதைக் குறையாகக் கொள்ளார்.

பதிவை நடத்தியவர் கார்ல் ரிக்டர். அவருடைய மியூனிக் பாக் பாடகர் குழுவோடு குண்டுலா யானோவிட்ஸ், கிறிஸ்டா லுட்விக், ஃபிரான்ஸ் கிராஸ் ஆகியோர் பாடினர். எக்காளம் ஊதியவர் மொரீஸ் ஆந்த்ரே. வுண்டர்லிஷுக்கு இரட்டைப் பணி. நற்செய்தியை உரைக்கும் கதைசொல்லியும் அவரே. அவர் குரல்வகைக்குரிய தனிப்பாடல்களைப் பாடியவரும் அவரே. மேய்ப்பரை விரைந்து செல்ல அழைக்கும் பாடலில் புல்லாங்குழலோடு இணைந்து நுண்சுரங்கள் ஓடுகின்றன. ஹார்ன் பழகிய மூச்சு அங்கே துணை நிற்கிறது. எனினும் அவருடைய பெருமை கதைசொல்லியின் பகுதியிலேயே விளங்குகிறது. லூத்தரின் ஜெர்மன் விவிலிய உரைநடை. அடியில் தாங்கும் சில சுரங்கள். வேறு அணி எதுவும் இல்லை. குரலைக் காட்டுதற்குச் சொல்லைக் கருவியாக்காமல், சொல்லுக்கே குரலைக் கருவியாக்கினார். பாக் காலத்து வாத்தியங்களும் சிறு குழுக்களும் பின்னாளில் பரவியபோது, ரிக்டரின் பெருங்குழு பலருக்குக் கனமாகப் பட்டது. அந்தக் குறையை இப்பகுதியின்மீது சொல்ல இடமில்லை.

அடுத்த ஆண்டு, நண்பரின் வேட்டை இல்லத்தில் படிக்கட்டிலிருந்து தவறி விழுந்த வுண்டர்லிஷ், 1966 செப்டம்பர் 17 இல் ஹைடல்பர்க் மருத்துவமனையில் மறைந்தார். முப்பத்தாறு வயது நிரம்ப ஒன்பது நாள்கள் இருந்தன. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரங்கில் அடுத்த மாதம் முதன்முறையாகப் பாட இருந்தார். கரயான் நடத்திய ஹைடனின் 'படைப்பு' ஒலிப்பதிவும் முடியாமல் நின்றது. தனிப்பாடல்களை அவர் பாடி வைத்திருந்தார். கதையுரைக்கும் பகுதிகளை வெர்னர் கிரென் பாடி நிறைவு செய்தார்.