ஜான் டீ பண்டிதர்

எலிசபெத்து ராணியார் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் விளங்கிய ஜான் டீ, கணித வல்லுநர் எனப் பெயர் பெறவே விரும்பினார். உலகமோ மந்திரவாதி என்னும் பெயரையே அவருக்குச் சூட்டிற்று.

1527-ஆம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி இலண்டன் மாநகரிற் பிறந்த இவர், தமது பதினைந்தாம் பிராயத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பரிசுத்த யோவான் கல்லூரியிற் புகுந்தார். நித்திரைக்கு 4 மணியும் உணவுக்கு 2 மணியும் நீக்கி, எஞ்சிய 18 மணி நேரத்தையும் கல்விக்கும் கடவுள் வழிபாட்டிற்குமே செலவிட்டதாக அவரே எழுதி வைத்துள்ளார். பரீட்சை நெருங்கிய பின்னரே விளக்கேற்றும் நம்மனோர்க்கு இது கட்டுக்கதையாகத் தோன்றினும் தோன்றலாம்.

பின்னர் திரித்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தபோது, அரிஸ்தோபனீஸ் என்னும் கிரேக்க கவியின் நாடகமொன்றை நடத்துவித்தார். அதில் ஒரு பெரிய வண்டு, மனிதனை முதுகிற் சுமந்துகொண்டு மேலெழும்பிப் பறந்தது. அஃது யந்திர சாமர்த்தியமேயாயினும், கண்டோர் சிலர் பிசாசின் வேலையென்று பேசலாயினர். அன்று பிறந்த அவதூறு அவரைக் கடைசிவரை விட்டகலவில்லை.

லூவேன் நகரத்திற் பயின்று, படவரைவில் வல்ல மெர்க்காட்டரின் நட்பைப் பெற்றார். 1550-இல் பாரிஸ் நகரில் யூக்ளிட்டின் கணிதத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். 1555-இல், மேரி ராணியாரின் ஜாதகத்தைக் கணித்தாரென்னும் குற்றத்திற்காகச் சிறைப்பட்டார். இராஜத்துரோகக் குற்றம் நீங்கியும், மதவிசாரணைக்காக அத்தியட்சரிடம் ஒப்புவிக்கப்பட்டார். அடுத்த வருஷமே, மடங்கள் கலைக்கப்பட்டமையாற் சிதறுண்ட நூல்களைத் திரட்டித் தேசிய புத்தகசாலையொன்று அமைக்குமாறு அதே ராணியாருக்கு விண்ணப்பஞ் செய்தார்! அது பலிக்காமற்போகவே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள மார்ட்லேக்கில் தம் இல்லத்திலேயே பல்லாயிரம் நூல்களைச் சேர்த்தார். மாலுமிகளும் பிரபுக்களும் அவ்வில்லத்தை நாடி வந்தனர். 1570-இல், ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்ட யூக்ளிட் நூலுக்கு அவர் வரைந்த முன்னுரை, இலத்தீன் அறியாத தொழிலாளருக்கும் கணிதத்தின் பயனை விளக்கிற்று. 1583-இல் பஞ்சாங்கத்தைத் திருத்துமாறு அரசினருக்கு யோசனை கூறினார். அத்தியட்சர்கள் தடுத்தமையால், பிரித்தானிய தேசம் 1752 வரையிற் பழைய கணக்கையே பின்பற்றிற்று.

எனினும் இத்தகைய அறிஞர், நூல்களால் எய்தவொண்ணாத ஞானத்தைத் தேவதூதரிடமிருந்தே பெறலாமென நம்பினார். 1582-இல் எட்வர்ட் கெல்லி என்பவன் அவரிடம் வந்தான். அவன் பளிங்கொன்றை உற்றுநோக்கித் தான் கண்டதாகச் சொல்பவற்றையெல்லாம், டீ ஜெபத்தோடு கேட்டு எழுதிக்கொண்டார். அளவுகோலின்றி எதனையும் ஏற்காதவர், அவன் வாய்ச்சொல்லுக்கு மட்டும் அளவுகோலைத் தேடவில்லை. 1583-இல் குடும்பத்தோடும் கெல்லியோடும் போலந்துக்கும், பின்னர் பொகீமியாவுக்கும் சென்றார். 1587-இல் தேவதூதர் பெயரால் கெல்லி உரைத்த கட்டளை, மணவாழ்க்கையின் தூய்மைக்கே மாறானது. இங்கு எழுதத் தக்கதன்று. அதற்கும் டீ இணங்கினார் என்பதே பெரிதும் வருந்தத் தக்கது.

1589-இல் தாயகம் மீண்டபோது மார்ட்லேக் புத்தகசாலை கொள்ளை போயிருந்தது. மான்செஸ்டர் கல்லூரித் தலைமைப் பதவியும் அவருக்கு அமைதி தரவில்லை. 1604-இல், தம்மை நியாயஸ்தலத்தில் நிறுத்தி, மந்திரவாதியென்னும் பழி மெய்யாயின் மரணதண்டனையே விதிக்குமாறு முதலாம் ஜேம்ஸ் மன்னரை வேண்டினார். மன்னர் செவிசாய்க்கவில்லை. சில வருஷங்களில் வறுமையுற்று மார்ட்லேக்கில் காலமானார்.

அவருடைய நூல்களில் நூற்றுக்கு மேற்பட்டவை இலண்டன் இராஜாங்க வைத்தியர் கல்லூரியில் உள்ளன. அவற்றிற் பலவற்றை முன்பு கைப்பற்றிய நிக்கொலாஸ் சாண்டர் என்பவர், டீயின் கையொப்பத்தை அழித்துத் தம் பெயரை எழுதிக்கொண்டார். ஆயினும் சில ஏடுகளில் பழைய எழுத்து மங்கலாகத் தெரிகின்றது. சிசரோவின் நூலொன்றின் ஓரத்தில், டீ தம் கையால் வரைந்த கப்பலொன்று பாய்விரித்து நிற்கின்றது.