ரமணரின் அடுப்படி

1896-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி. மதுரையில் வீட்டாருக்குச் சொல்லாமல் புறப்பட்ட பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் வந்து இறங்கினான். கையிலே ஒரு பட்சணப் பொட்டலம். கீழூர் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் கோகுலாஷ்டமியன்று அன்போடு கொடுத்து அனுப்பியது அது. அருணாசலேசுவரரைத் தரிசித்த பின் அய்யங்குளத்துக்குப் போன சிறுவன், அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்துவிட்டான்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ந் தேதி பிறந்த வேங்கடராமன்தான் அவன். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியது அவரைத்தான். அன்று பட்சணத்தை எறிந்த அதே கை, பின்னர் கத்தரிக்காய்க் காம்பைக்கூட எறிய விடவில்லை!

இந்த மாறுதலுக்குக் காரணம் மலைக்குகை வாழ்க்கை. விரூபாட்சி குகையில் 1899 முதல் 1916 வரை அவர் தங்கியிருந்தார். உடனிருந்தவர்கள் ஊருக்குள் சென்று பிச்சை ஏற்று வருவார்கள். வந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து சமமாகப் பங்கிடுவார்கள். குறைவாக வந்த நாளில் வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கிக் குடிப்பார்கள். உப்பு இல்லையென்றால் உப்பில்லாமலே உண்பார்கள். பசியின் அருமை அங்கே தெரிந்தது.

1916-ல் அன்னை அழகம்மாள் மகனுடன் வந்து தங்கினார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூண்டது. 1922-ல் அன்னை மறைந்த பின், அவரது சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் ரமணாசிரமம் வளர்ந்தது.

அங்கே பொழுது விடியுமுன்பே மகரிஷி சமையற்கட்டுக்கு வந்துவிடுவார். காய் நறுக்குவார், துவையல் அரைப்பார். முதல் நாள் மிஞ்சிய குழம்பையும் கறியையும் சூடாக்கிச் சிறிது மாவு சேர்த்துக் கொதிக்க வைத்தால், நொடியில் காலைப் பலகாரத்துக்குச் சுடச்சுடத் தொட்டுக்கொள்ளக் கிடைத்துவிடும்.

பழையதைத் தொடுவது ஆசாரக் குறைவு என்று கருதியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாமே என்று தோன்றலாம். மகரிஷி அதற்கும் இசையவில்லை. ஏழைக்கு ஒரு சோறு, தமக்கு ஒரு சோறு என்பதை அவர் ஏற்கவில்லை. மிஞ்சியதை ஆசிரமத்தாரே உண்ணவேண்டும். வாசலுக்கு வந்தவருக்கு எல்லோருக்கும் உள்ள உணவே கிடைக்கவேண்டும். இதுதான் அவர் வகுத்த முறை. பக்தர்கள் கொண்டுவரும் பழங்களும் எல்லோருக்கும் பங்காகும். குரங்குகளுக்கும் அதில் பங்குண்டு. பந்தியில் தமக்கென்று எதையும் கூடுதலாகப் பரிமாற விடமாட்டார்.

1950 ஏப்ரல் 14-ந் தேதி மகரிஷி மறைந்தார். ரமணாசிரமத்து வாசலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் நாள்தோறும் அன்னம் அளிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. சிக்கனம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பிறர் இலையில்தான் குறைப்பார்கள். மகரிஷியோ தம் இலையில் குறைத்தார்.