பழுதினின்று உண்மை கண்ட பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ்

அளக்குங் கோல் கோணின் அளந்த நிலமெல்லாம் கோணும். நிறுக்குந் தராசு பொய்ப்பின் நிறுத்த பொருளெல்லாம் பொய்க்கும். மின்னளவுக் கருவிகட்கும் இதுவே நியதி. நம் துவாக்குடித் தொழிற்பேட்டையிலும் திருவெறும்பூர்ப் பெல் ஆலையிலும் மல்டிமீட்டரும் ஆஸிலாஸ்கோப்பும் கையாண்டு வாழும் இளைஞர் பலர். அக்கருவிகளே பழுதுற்றால் அவற்றைச் சோதிப்பது எங்ஙனம்? இவ்வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே தோன்றினார். அவர் வரலாற்றை அன்பர்கள் அறிதல் நன்று.

ஜகதீச சந்திர போஸ், 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கிழக்கு வங்கத்து மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகஸ்தர். உயர் பதவியினர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய அக்காலத்தில், அவர் தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே செம்படவர் மகனும் ஏவலாளர் மகனும் அவருக்கு அருகிலிருந்து பயின்றனர். அச்சிறுவர் இல்லத்துக்கு வந்தபோது அன்னையார் வேற்றுமையின்றி அனைவர்க்கும் அமுதளித்தார். உழைக்கும் மக்களைத் தாழ்வாக எண்ணாத உள்ளம் போஸுக்கு இங்ஙனம் வாய்த்தது.

கல்கத்தாவிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் கற்றுத் தேர்ந்த அவர், 1885-இல் கல்கத்தாப் பிரசிடென்ஸிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். இந்தியர்க்கு ஆங்கிலேயரினும் குறைந்த ஊதியமே தருவது அந்நாளைய வழக்கம். போஸ் சண்டையிட்டாரில்லை; மூன்றாண்டு ஊதியமே பெறாது பாடஞ் சொன்னார். இறுதியில் முழு ஊதியமும் பழைய பாக்கியோடு அவரை வந்தடைந்தது.

1894-இல் அவர் மின்னலை ஆராய்ச்சியைத் தொடங்கினார். தக்க சோதனைச்சாலை இல்லை. ஒரு சிற்றறையே கிடைத்தது. நுண்கருவிகளைச் செய்துகொடுத்தவர் மேனாட்டு நிபுணரல்லர். பள்ளிப் பயிற்சியற்ற ஒரு தகரவேலைக்காரர். அவர் கைத்திறனால் எழுந்த கருவிகளைக்கொண்டு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மின்னலைகளைப் போஸ் உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றிச் சுவரை ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

அந்நாளில் இவ்வலைகளை உணர்த்தியது கொஹியரர் என்னுங் கருவி. அஃது உலோகத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். அலை பட்டவுடன் தூள் ஒன்றோடொன்று பற்றும், மின்தடை குறையும், மின்சாரம் பாயும். ஆயின், ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டினாலன்றித் தூள் பழைய நிலையை அடையாது. கல்கத்தாவின் ஈரக்காற்றில் துருவும் ஏறும். போஸ் குற்றத்தின் இருப்பிடத்தை ஆராய்ந்து, தூள் ஒழுங்கின்றி ஒன்றையொன்று தொடுவதே காரணமெனத் தெளிந்தார். தூளை நீக்கிச் சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக அமைத்தார். அவற்றின் அழுத்தத்தைத் திருகினால் கூட்டவுங் குறைக்கவும் வழி செய்தார். 1899-இல், தட்டாமலே தானே மீளும் இரும்புப் பாதரசக் கருவியையும் அறிஞர் அவைக்கு அறிவித்தார்.

அதன்பின்னும் ஒரு பழுது எஞ்சியது. தொடர்ந்து வேலை செய்த கருவி உணர்ச்சி குன்றியது. சிறிது ஓய்வளித்தால் மீண்டுந் தெளிந்தது. பிறர் இதனைச் சகித்தோ, வேறு கருவி வாங்கியோ சென்றிருப்பர். போஸ் ஒவ்வோர் உலோகமாக எடுத்துச் சோதித்தார். பெரும்பாலானவற்றில் அலை பட்டுத் தடை குறைய, பொட்டாசியத்தில் தடை மிகுவதைக் கண்டார். உலோகத்தின் தளர்ச்சியைக் கோடாக வரைந்து பார்த்தபோது, அது களைத்த தசையின் கோட்டை ஒத்திருந்தது. இவ்வொரு பழுதே அவரைச் செடிகொடிகளின் உணர்ச்சி ஆராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது. உலோகத்துக்கு உயிருண்டு என்பது இன்றைய அறிவியலின் முடிபன்று; எனினும் செடிகளில் மின்குறிப்புகள் பாய்வது இன்று உறுதிப்பட்ட உண்மை.

1901-இல் இலண்டன் உடலியல் வல்லார் சிலர் எதிர்த்தமையால், அவர் கட்டுரையை ராயல் சங்கம் அச்சிடாது நிறுத்தியது. போஸ் மனந்தளரவில்லை. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிர மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னுங் கருவியைப் பின்னர் இயற்றினார். அது மெய்யாகவே அளக்கின்றதா என்ற ஐயம் எழுந்தபோது, 1920-இல் இலண்டனில் அறிஞர் முன்னிலையிலே கருவியைச் சோதனைக்கு உட்படுத்தி, அதன் உண்மையை நிலைநாட்டினார். அவ்வாண்டே ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1917-இல் தாம் கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தை உலகுக்கு உரிமையாக்கி, 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் மறைந்தார்.

அவர் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அளவு பிழைபடின் உடனே கருவியைத் தட்டுதலும் எறிதலும் தகா. குற்றம் அளக்கப்படும் பொருளிலா, கருவியிலா, இடைப்பட்ட கம்பியிலும் இணைப்பிலுமா என முறையே வினவல் வேண்டும். மின்கலத்தையும் சுழிக்குறியையும் முதலிற் பார்த்து, பழுதற்றதென உறுதிப்பட்ட பிறிதொரு கருவியோடு ஒப்பிட வேண்டும். ஒரே வேளையில் பலவற்றை மாற்றாது, ஒன்றை மாற்றிப் பயனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். பழுது பார்க்குந் தொழில் கீழானதென்றும், நாற்காலி உத்தியோகமே மேலானதென்றும் நம் இல்லங்களிற் கூறக் கேட்கின்றோம். தகரவேலைக்காரரின் கையும் பேராசிரியரின் கருத்தும் ஒருங்கு கூடியன்றோ அவ்வரிய கருவிகள் எழுந்தன! கெட்டுப்போன கருவியைத் திறந்து காரணந் தேடும் பிள்ளையை வைவது முறையன்று. அருகிருந்து, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே திறக்கவேண்டுமெனக் கற்பித்து, அவன் தேடலை வளர்ப்பதே நம் கடன்.