இராமாநுஜனை வாட்டிய நோய்

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜனின் கணிதப் புகழைப் பலரும் அறிவர். அவரை முப்பத்திரண்டாம் வயதில் மாய்த்த நோயைப் பற்றி அறிந்தவர் சிலரே.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றபோது அவரைச் சீதபேதி பற்றியது. ஊர் திரும்பிச் சில திங்கள் தங்கித் தேறினார். ஆயினும் சீதபேதியை விளைக்கும் அமீபா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி எளிதில் அகல்வதன்று. மாசுற்ற நீரோடு குடலிற் புகும் அவ்வுயிர், ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாது உறைந்திருத்தலும் உண்டு; சிலரிடத்துக் குருதி வழியே கல்லீரலை அடைந்து சீழ்க்கட்டியை உண்டாக்கும்.

1914இல் இராமாநுஜன் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சில் ஹார்டியுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். மரக்கறி உணவன்றி வேறு கொள்ளாதவர் அவர். முதல் உலகப் போரோ காய்கனிகளை அரியனவாக்கிற்று. தாமே சமைத்தும், பொழுதோடு உண்ணாதும் உடல் மெலிந்தார். 1917இல் நோய் முற்றிற்று. விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டது. மருத்துவர்கள் பலவாறு ஐயுற்றுப் பின் காசநோய் எனக் கொண்டு, நலவாழ்வு இல்லங்களில் வைத்தனர். 1918இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்ற சிறப்பும் நோயின் நடுவே வந்ததுதான். 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார்.

1994இல் யங் என்னும் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அந்நோய் காசமன்று, கல்லீரலைப் பற்றிய அமீபா நோயே ஆதல் கூடும் என்றார். அன்றைய மருத்துவரைக் குறை கூறுதல் எளிது. காய்ச்சலும் மெலிவும் இரு நோய்க்கும் பொதுவல்லவோ? ஆனால் அமீபாவை அழிக்கும் எமெட்டின் என்னும் மருந்து 1912 முதலே வழக்கில் இருந்தது.