சாலையைப் பள்ளியாகக் கொண்ட பேரறிஞர்

ராகுல சாங்கிருத்தியாயன் என்னும் பெயர் தமிழன்பர்களுக்குப் புதியதன்று. 'வால்காவிலிருந்து கங்கை வரை' என்ற அவர்தம் நூலை 1949இல் கண. முத்தையா தமிழில் தந்தார். நூலை அறிந்த நாம், எழுதியவரின் வாழ்வை அந்த அளவுக்கு அறிந்தோமில்லை. உடப்புசல்லாவையிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, அவ்வாழ்வு நூலினும் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1893ஆம் ஆண்டு, ஆஸம்கர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். பெற்றோர் இட்ட பெயர் கேதார்நாத் பாண்டே. பள்ளிப் படிப்பு நடுத்தர வகுப்போடு நின்றது. படைவீரராயிருந்த தாய்வழிப் பாட்டனார் சொன்ன பயணக் கதைகள் சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தன. வீட்டை விட்டு வெளியேறினார், வைணவத் துறவியானார், 1913இல் தென்னாடு வந்து, சென்னைக்கு அருகேயுள்ள திருமழிசையில் தங்கித் தமிழும் பயின்றார். பின்னர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார்; ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார்.

1927இல் அவர் இலங்கைக்கு வந்தார். களனி வித்தியாலங்காரப் பிரிவெனாவிலே பிக்குகளுக்கு வடமொழி கற்பித்து, அவர்களிடமிருந்து பாலி மொழியைக் கற்றார். பட்டம் எதுவும் இல்லாத ஒரு வழிப்போக்கருக்கு அக்கலைக்கூடம் ஆசிரியர் இருக்கையை அளித்தது! 1930இல் அங்கேயே பௌத்தத் துறவு பூண்டு, புத்தர் பெருமானின் மைந்தன் பெயரான ராகுலன் என்பதைத் தம் பெயராக ஏற்றார்.

பாலி கற்றவருக்கு ஒரு குறை உறுத்தியது. இந்தியாவில் மறைந்துபோன பௌத்த நூல்கள் பல திபெத்திய மொழிபெயர்ப்பிலேதான் உயிர் வாழ்ந்தன. ஆங்கில அரசின் அனுமதி கிட்டாமையால், 1929இல் மாறுவேடம் பூண்டு நேபாளத்தின் வழியாகத் திபெத்துக்குள் நுழைந்தார். 1938க்குள் நான்கு முறை அங்கே சென்று, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏடுகளை ஏற்றிக் கொணர்ந்தார். தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்' வடமொழி மூலத்தில் மீண்டது அம்முயற்சிகளால்தான். பாலியிலிருந்து தீக நிகாயம், மஜ்ஜிம நிகாயம், விநய பிடகம் ஆகியவற்றை இந்தியில் பெயர்த்தார்.

ஐரோப்பா, ஜப்பான், ஈரான், சோவியத் நாடு என அவர் கால்கள் ஓயவில்லை. விவசாயிகளுக்காகப் போராடி மீண்டும் சிறை சென்றபோது பிறந்ததே 'வால்காவிலிருந்து கங்கை வரை'. 1945 முதல் 1947 வரை லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1958இல் மத்திய ஆசிய வரலாற்று நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளை அறிந்தவர் என்பர்.

இவ்வாழ்வு எம் மலைநாட்டுக்கு எதனைச் சொல்கிறது? எம் முன்னோரும் கடல் கடந்தவரே. ஆனால் கங்காணியின் பின்னே, வயிற்றுக்காக நடந்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளை இன்று லயத்திலே தமிழும் கடைவீதியிலே சிங்களமும் பேசுகின்றது. தோட்டத்து ஆபீசின் ஆங்கிலச் சொற்களையும் அறிந்திருக்கின்றது. எனினும், பரீட்சையில் தவறியதும் தனக்குக் கல்வியே வாய்க்கவில்லை என்று நம்பிக் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிச் செல்கின்றது. நாவிலே மூன்று மொழிகள் இருப்பதைச் செல்வமென்று அதற்கு எவரும் எடுத்துரைத்தாரில்லை.

ஊர் சுற்றுவதால் மட்டுமே ராகுலர் அறிஞராகிவிடவில்லை. காதால் கேட்ட ஒவ்வொரு மொழிக்கும் எழுத்தும் இலக்கணமும் தேடி அமர்ந்து உழைத்தார். பேசத் தெரிந்த சிங்களத்தை எழுதவும் படிக்கவும் எம் மாணவர் கற்பாராயின், அடுத்த வீட்டின் இலக்கியக் கதவு அவர்களுக்குத் திறக்கும். அதனைச் செய்விப்பது ஆசிரியர்களாகிய நம் கடன்.

1959இல் அதே களனிக்கு, பல்கலைக்கழகமாகிவிட்ட வித்தியாலங்காரத்துக்கு, மெய்யியல் பேராசிரியராகத் திரும்பி வந்தார் ராகுலர். 1961இன் இறுதியில் நோய் தாக்கியது, நினைவு அழிந்தது. அத்தனை மொழிகளைத் தாங்கிய நா சொற்களை இழந்தது. மாஸ்கோவில் செய்த சிகிச்சையும் பயனளிக்கவில்லை. 1963 ஏப்ரல் 14 அன்று, எம் ஊரைப் போலவே தேயிலை செழிக்கும் டார்ஜிலிங் மலையில் அவர் காலமானார். தமக்கென்று சேர்த்ததெல்லாம் அவரோடு மறைந்தது. பிறருக்கென்று சுமந்து வந்த ஏடுகள் நிலைத்தன.